தேங்காய் சுடப் போனோம், அத்தை வீட்டுக்கு!

“லீவ் லெட்டர்ல என்ன காரணம் எழுதறதும்மா?” என்று கேட்டாள் பெரியவள். நான்காம் வகுப்பு படிக்கிறாள். லீவ் லெட்டரைத் தானே எழுதும் வயது வந்துவிட்டதில் அவளுக்கு ஏகப் பெருமை.

“தேங்காய் சுடப் போறோம்னு எழுது” என்றேன்.

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். அவர் திருநெல்வேலிக்காரர். “மெட்ராஸ்ல சுடறதுன்னா திருடறதுன்னு அர்த்தம். குடும்பத்தோட தேங்காய் திருடப் போறோம்னு எழுதிக் குடுத்தா மிஸ் என்ன நினைப்பாங்க?” என்றார். சின்னவனுக்கு நான்கு வயது. “நானும் திருடுவேன்” என்று குதிக்க ஆரம்பித்தான்.

கடைசியில் ‘குடும்ப விழா’ என்று எழுதிக் கொடுத்தோம். அதுவும் பொய் இல்லை.

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி முதல் நாள் எங்கள் ஊரில் தேங்காய் சுடும் நோம்பி. முற்றிய தேங்காயை மட்டை உரித்து, நாரெல்லாம் போக வழவழவென்று தேய்ப்போம். மூன்று கண்ணில் ஒன்றைத் துளைத்து, தண்ணீரை எடுத்துவிட்டு, பாசிப்பருப்பு, வெல்லம், எள், பொட்டுக்கடலை, அவல் எல்லாம் கலந்து உள்ளே அடைப்போம். பிறகு சீவிய அழிஞ்சிக் குச்சியைக் கண்ணில் சொருகி, தேங்காய்க்கு மஞ்சள் பூசி, வாசலில் தீ மூட்டி வாட்டுவோம். மகாபாரதப் போர் ஆடி 1-ல் ஆரம்பித்து ஆடி 18-ல் முடிந்தது, போர் நல்லபடியாக முடிய வேண்டும் என்று ஜனங்கள் அன்று சாமிக்குப் படைத்தார்கள் என்பது பாட்டிமார் சொல்லும் கதை. கதை எதுவானாலும், சுட்ட தேங்காயை உடைத்து உள்ளே இருக்கும் பூரணத்தோடு சாப்பிட்டவர்கள் அந்த ருசியை மறக்க மாட்டார்கள்.

நான் மறக்கவில்லை. ஆனால், ஆறு வருடமாக அந்தப் பக்கமே போகவில்லை.

போன மாதம் அம்மா போனில் பேசும்போது, “உங்கத்தைக்குக் கண்ணுல புரை ஆபரேஷன் ஆச்சாம். ஒண்ணுமில்ல, நல்லாருக்காங்க. ‘இப்ப எல்லாம் தெளிவாத் தெரியுது, உம் பேரனைத்தான் இன்னும் பார்த்ததில்ல’ன்னு சொன்னாங்க” என்றார். அம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. ராசிபுரத்திலிருந்து சேந்தமங்கலம் போகிற பக்கம் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். சென்னையில் வளர்ந்த எனக்குப் பள்ளி விடுமுறை என்றாலே அத்தை வீடுதான். அப்போது அது சேலம் மாவட்டம். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகிவிட்டது. அதற்குப் பிறகும் பல வருடம் அத்தைக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பும்போது ‘சேலம் மாவட்டம்’ என்றே எழுதுவேன். அதுவும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஏன் போகாமல் விட்டேன் என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைப் பற்றி எழுதினால் நேர்மையாக இருக்காது.

அப்பா இறந்து ஒரு வருடம் கழித்து, அவர் வைத்தியத்துக்கு வாங்கிய கடனை அடைக்க ஊரில் இருந்த ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்க முடிவு செய்தோம். நிலம் அப்பாருவுடையது. அதாவது என் தாத்தா சம்பாதித்தது. அவர் உயில் எழுதவில்லை. “மகளுக்கும் இதுல பங்கு இருக்குதுங்க. அவங்க விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தாத்தான் விக்க முடியும்” என்றார் பத்திரம் எழுதுபவர். தமிழ்நாட்டில் 1989-ல் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்ததும், 2005-ல் அது நாடு முழுவதும் வந்ததும் எனக்குத் தெரியும். காலேஜில் அதைப் பற்றிப் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். அத்தையின் பங்கு என்று வந்தபோது, எப்படியாவது சீக்கிரம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எத்தனை மணிக்கு வரோணும்?” என்று மட்டும் தம்பியிடம் போனில் கேட்டிருக்கிறார். இரண்டு பஸ் மாறி, எங்களுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. “எங்க போடோணும் சாமி?” என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். கைரேகை வைத்தார். போட்டோவுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு ரூபாய் வாங்கவில்லை.

எல்லாம் முடியும்போது மதியம் இரண்டு மணி. அப்போது மூன்று வயதாக இருந்த பெரியவள் வெயில் தாங்காமல் அழுதுகொண்டிருந்தாள். மறுநாள் தம்பிக்கு ஆபீஸ். ராத்திரிக்குள் வீடு போய்ச் சேர வேண்டும். “வரோம் அத்தை” என்று சொல்லிக் காரில் ஏறினோம். அத்தை மஞ்சப்பையை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். உள்ளே கடலை உருண்டையும் முறுக்கும் இருந்தன. கார் நெடுஞ்சாலைக்கு வந்து, வழியில் ஒரு ஓட்டலில் நிறுத்தி நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. காலையில் கிளம்பி வந்த மனுஷியை ‘சாப்பிட்டீங்களா அத்தை’ என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு கல்யாணத்தில் தூரத்துச் சொந்தம் ஒருவர் சொன்னார். அன்று அத்தை சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்ப் பழைய சோறு கரைத்துக் குடித்தாராம். யாரிடமும் குறை சொல்லவில்லையாம். அவர் குறை சொல்லியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். சண்டை போட்டு, சமாதானமும் ஆகியிருப்போம். சொல்லாததால் எனக்கு முகம் இல்லாமல் போய்விட்டது. முதல் வருடம் வெட்கம். அடுத்த வருடம் கொரோனா. அதற்குப் பிறகு வயிற்றில் சின்னவன். சாக்குக்கா பஞ்சம்? உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒரு கதவு, யாரும் சாத்தாமலே சாத்திக்கொண்டு இருக்கலாம்.

எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பும் சேலம் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டோம். விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழியாகப் போகிற வண்டி. மேல் பெர்த் யாருக்கு என்று இரண்டு பேருக்கும் சண்டை. பாதி ராத்திரி வரை ஒருவர், மீதி ராத்திரி இன்னொருவர் என்று கணவர் பஞ்சாயத்துச் செய்தார். கடைசியில் இருவருமே கீழ் பெர்த்தில் என்மேல் காலைப் போட்டுத் தூங்கினார்கள். மேல் பெர்த்தில் எங்கள் பைகள் சுகமாகப் படுத்து வந்தன.

சேலத்தில் இறங்கியதும் டீயும் பாலும் குடித்துவிட்டு, புது பஸ் ஸ்டாண்ட் போய் ராசிபுரம் பஸ் பிடித்தோம். சின்னவனுக்குப் பஸ் என்றால் வாந்தி. எலுமிச்சம்பழம், கவர், மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் தயாராக எடுத்து வைத்திருந்தேன். ஆனால், அவற்றை வைத்த பை பஸ்ஸின் பின்பக்கம் மாட்டிக்கொண்டது. அவன் வாந்தி எடுத்தது என் புதுப் புடவை முந்தானையில். குழந்தைகளோடு பஸ்ஸில் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரே ஒரு யோசனைதான்: கவர் பையில் இருக்கக் கூடாது, கையில் இருக்க வேண்டும்.

மல்லூர் தாண்டியதும் பெரியவள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டாள். ஒரு பெரிய களம் முழுக்க வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. “அம்மா, ஸ்நோ!”

பக்கத்து சீட்டுப் பாட்டி சிரித்துவிட்டார். “பனி இல்ல கண்ணு, ஜவ்வரிசி. பாயசத்துல போடுவாங்கல்ல, அது.”

ஜவ்வரிசி செடியில் காய்ப்பது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். மரவள்ளிக் கிழங்கைக் கழுவி, தோல் சீவி, அரைத்துப் பால் எடுத்து, அந்தப் பாலைத் தொட்டியில் தெளியவைத்து, அடியில் படியும் மாவைத்தான் குருணையாக உருட்டி, வறுத்து, இப்படி வெயிலில் காயவைக்கிறார்கள் என்று அந்தப் பாட்டியே சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனபோது சேலத்தில் வேரூன்றிய தொழில் இது. இன்று இந்தப் பக்கத்துச் செம்மண் காட்டுக்கும் இந்த ஆலைகளுக்கும் உள்ள உறவு, மாமியாருக்கும் மருமகளுக்கும் உள்ள உறவு மாதிரி. கிழங்குக்கு விலை கிடைக்கவில்லை என்று ஒரு வருடம் முறைத்துக்கொள்வார்கள். அடுத்த வருடம் மறுபடியும் அதே குச்சியைத்தான் நடுவார்கள்.

ராசிபுரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். கிழக்கே கொல்லிமலை நீலமாக எழுந்து நின்றது. ஆட்டோ ஊருக்குள் திரும்பியபோது என் உள்ளங்கை வேர்த்தது. அத்தை என்ன சொல்வார்? ‘இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?’ என்று கேட்டால்? அதற்குப் பதில் ஒன்றை ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

அத்தை அதைக் கேட்கவில்லை. வாசலில் நின்றிருந்தார். முன்பைவிடச் சிறுத்துப் போயிருந்தார். கண்ணில் ஆபரேஷனுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடி. என்னைத் தாண்டிக் குனிந்து சின்னவனின் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். “எங்கண்ணன் மூக்கு” என்றார். அப்புறம் என் முந்தானையைப் பார்த்துவிட்டு, “பொடக்காலில தண்ணி இருக்குது, போய்க் கழுவிட்டு வா அம்மணி. இட்லி ஆறுது” என்றார். அவ்வளவுதான் வரவேற்பு.

அத்தை மகன் வீட்டில் இல்லை. அவர் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறார். ஒரு லாரியில் துளைபோடும் ரிக், இன்னொரு லாரியில் கம்ப்ரசர் என்று திருச்செங்கோட்டு வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டப் போவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது அவர் வண்டி சத்தீஸ்கரில் நிற்கிறது. வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறதாம். மாமா காலமாகிப் பத்து வருடம். அத்தையும் மருமகளும் எட்டாவது படிக்கும் பேத்தியும்தான் வீட்டில்.

குழந்தைகள் முதல் ஒரு மணி நேரம் என்னை விட்டு நகரவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் என்னை மறந்துவிட்டார்கள். கன்றுக்குட்டி சின்னவனின் கையை நக்கியது. அவன் அதன் பெயரைக் கேட்டான். பெயர் வைக்கவில்லை என்றதும், தன் கிளாஸ் மிஸ்ஸின் பெயரையே வைத்துவிட்டான். மதியம் அரிசிம்பருப்புச் சோறு, அதில் வீட்டு நெய். சென்னையில் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கார்ட்டூன் கேட்கிற பிள்ளை, திண்ணையில் உட்கார்ந்து தட்டை வழித்துச் சாப்பிட்டான். “நெய்யில என்ன போட்டிருக்கீங்க?” என்று கேட்டார் கணவர். “நெய்தான் போட்டிருக்குது” என்றார் அத்தை.

சாப்பாடு ஆனதும் தேங்காய் வேலை ஆரம்பித்தது. சாக்கில் எட்டுத் தேங்காய் இருந்தது. நாங்கள் ஏழு பேர்தான். “எட்டாவது யாருக்கு அத்தைப் பாட்டி?” என்று கேட்டாள் பெரியவள்.

“உங்க மாமனுக்கு. அவன் வரலீன்னா என்ன, அவன் காய் சுட்டாகோணும்ல?”

அத்தையின் பேத்திதான் எங்கள் பிள்ளைகளுக்கு குரு. கருங்கல் தரையில் தேங்காயை எப்படி உருட்டித் தேய்க்க வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்றெல்லாம் காட்டிக்கொடுத்தாள். அரை மணி நேரம் தேய்த்ததும் பெரியவளின் உள்ளங்கை சிவந்துவிட்டது. ஆனால், தேங்காய் பளபளவென்று ஆனதும் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். “மொபைல் ஸ்க்ரீன் மாதிரி இருக்கு” என்றாள். அவளுக்குத் தெரிந்த வழவழப்பு அதுதான்.

பூரணத்தை ஊசிக்கண் மாதிரித் துளையில் அடைப்பது பெரிய வேலை. அத்தை ஒரு பக்கம், பெரியவள் இன்னொரு பக்கம். குச்சியால் குத்திக் குத்தி அடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெல்லம் நுணுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பெரியவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“அத்தைப் பாட்டி, நீங்க ஏன் எங்க வீட்டுக்கு வர்றதே இல்ல?”

அத்தையும் தலையைத் தூக்கவில்லை. “யாரும் கூப்படலியே கண்ணு” என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வது மாதிரிச் சொன்னார். “ஓ” என்றாள் மகள். அடுத்த தேங்காயை எடுத்தார்கள். என் கை வெல்லத்தோடு அப்படியே நின்றுவிட்டது. ஆறு வருடமாக நான் வக்கீல் மாதிரி யோசித்து வைத்திருந்த எந்தப் பதிலும் அந்தக் கேள்விக்கு உதவவில்லை. ஒரு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைக் கேட்க ஐந்து விநாடிதான் ஆனது.

பொழுது சாய்ந்ததும் வாசலில் தீ மூட்டினோம். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும் என்பார்களே, அம்மி பறக்கவில்லை, தீதான் நாலு பக்கமும் பறந்தது. அத்தை பார்த்துவிட்டு, “கட்டுத்தரைச் சுவத்து மறைப்புக்கு வாங்க. சோளத்தட்டுப் போரு பக்கம் மட்டும் வேண்டாம்” என்று எல்லோரையும் இடம் மாற்றினார். கணவர் ஒரு வாளித் தண்ணீரோடு தீயணைப்பு வீரர் மாதிரி நின்றார். தெரு முழுக்க வாசலுக்கு ஒரு தீ. ஒவ்வொரு தீயைச் சுற்றியும் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளைக் கூட்டம்.

சின்னவனுடைய குச்சியை நானும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். முதலில் மஞ்சள் கருகியது. அப்புறம் ஓடு கறுத்தது. வெல்லம் உருகி, தேங்காய்ப் பாலோடு கொதிக்கிற வாசனை மெதுவாக வந்தது. ‘டப்’ என்று பேத்தியின் தேங்காய்தான் முதலில் வெடித்தது. தெருவே கை தட்டியது. சத்தீஸ்கரிலிருந்து வீடியோ காலில் வந்திருந்த அத்தை மகன், “என்னுது வெடிச்சுதா, என்னுது வெடிச்சுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் ரிக் நின்றது. தலை முடியெல்லாம் வெள்ளைப் புழுதி. மருமகள் போனைத் தீப்பக்கம் திருப்பிப் பிடித்தார். அவர் தேங்காயும் விரிசல் விட்டது. “சரி, எனக்குப் பதிலா நீங்களே தின்னுடுங்க” என்றார். குரல் கொஞ்சம் மாறியது. “டவர் இல்ல” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்து உடைத்தோம். பருப்பு வெந்து, அவல் ஊறி, தேங்காயோடு ஒட்டிக்கொண்டு, லேசாகப் புகை வாசனையோடு இருந்தது. கணவர் ஒரு துண்டு வாயில் போட்டார். கண்ணை மூடினார். “திருடிச் சாப்பிட்டாலும் தப்பில்ல” என்றார்.

குழந்தைகள் தூங்கிய பிறகு, வாசல் கட்டிலில் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற சத்தம். அத்தை கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளத் தலையைச் சாய்த்தார். பாட்டிலை வாங்கி நான் விட்டேன்.

“அன்னைக்கு நான் பண்ணினது தப்பு அத்தை” என்றேன். ரயிலில் யோசித்ததெல்லாம் அந்த ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது.

கண்ணை மூடியபடியே இருந்தார். “நெலத்தப் பத்திச் சொல்றியா?”

“இல்ல. சாப்பிட்டீங்களான்னு கேக்காததை.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நெலம் எனக்கெதுக்கு? கடனை அடைக்கோணும்னு எனக்கும்தான் தெரியும். எங்கண்ணன் இருந்திருந்தா ஒரு காப்பியாவது வாங்கிக் குடுத்துப் பஸ் ஏத்தி விட்டிருப்பான்னு அன்னிக்கு பஸ்ல வர்றப்ப நெனச்சேன்” என்றார்.

நான் அழுதேன். கட்டிப்பிடித்துத் தேற்றுவார் என்று நினைத்தேன். அத்தை அப்படியெல்லாம் செய்யவில்லை. “பனி எறங்குது. உள்ள போய்ப் படு” என்றார். எழுந்து போகும்போது என் தோளில் ஒரு முறை கையை வைத்து, ஊன்றிக்கொண்டு எழுந்தார். மன்னித்ததற்கா, முழங்கால் வலிக்கா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை எல்லோருமாக நாமக்கல் போனோம். ஆபரேஷனுக்கு அப்புறம் அத்தை ஆஞ்சநேயரைப் பார்க்கவில்லையாம். பதினெட்டு அடி உயரம், ஒரே கல். தலைக்கு மேல் கூரை கிடையாது. மழையும் வெயிலும் அவர் மேல்தான். எதிரே மலைக்கோயிலில் இருக்கும் நரசிம்மரைக் கும்பிட்டபடி நிற்கிறார். “இவருக்குக் குளிராதா?” என்று சின்னவன் கேட்டான். “கும்படறவங்களுக்குக் குளிராது சாமி” என்றார் அத்தை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். “முன்னெல்லாம் ஒசரமா ஏதோ கறுப்பா நிக்கற மாதிரி இருக்கும். இப்ப மொகம் தெரியுது” என்றார்.

நாமகிரித் தாயார் சன்னதியில் பெரியவளிடம், கணித மேதை ராமானுஜன் குடும்பத்தின் குலதெய்வம் இந்தத் தாயார்தான் என்று சொன்னேன். தனக்குக் கணக்கு வர வேண்டும் என்று இரண்டு நிமிடம் கண்ணை மூடி நின்றாள். வெளியே வந்ததும், “வகுத்தல் மட்டும் வந்தா போதும்னு கேட்டேன்” என்றாள். பிறகு அப்பாவோடு மலைக்கோட்டையின் படிகளில் ஏறினாள். நாங்கள் கீழே நிழலில் உட்கார்ந்தோம். முட்டை ஏற்றிய வண்டி ஒன்று அட்டை அட்டையாக அடுக்கியபடி மெதுவாகப் போனது. சென்னையில் நாங்கள் வாங்கும் முட்டையும் இங்கிருந்துதான் வருகிறது என்று சொன்னதும், “அப்ப நம்ம வீட்டுக்கு முட்டை மட்டும் வருது. பாட்டி வரல” என்றான் சின்னவன். அக்காவிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறான். இந்த முறை அத்தை சத்தமாகச் சிரித்துவிட்டார்.

சாயங்காலம் கிளம்பினோம். ஒரு பையில் நிலக்கடலை, ஒரு பையில் கொல்லிமலை மிளகு, ஒரு தூக்கில் நெய், கிழங்கு ஐந்து கிலோ. “ரயில்ல எப்படித் தூக்கிட்டுப் போறது அத்தை?” என்றால், “ரயில்தான தூக்குது, நீயா தூக்கற?” என்றார். வேண்டாம் என்றாலும் கேட்காமல் ராசிபுரம் பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே வந்தார்.

சேலம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. கணவர் ஓடிப் போய் இடம் பிடிக்கப் பார்த்தார். “அதை விட்டுடுங்க. அடுத்த பஸ்ல போலாம்” என்றேன். “வாங்கத்தை, காப்பி சாப்பிடலாம்.”

“வீட்ல இப்பத்தான குடிச்சோம்?”

“பரவால்ல, வாங்க.”

அத்தை என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சின்ன ஓட்டல். பெஞ்சில் ஐந்து பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். நெய் தூக்கு மேசை மேல். அத்தை காப்பியை ஆற்றி ஆற்றி, அவசரப்படாமல் குடித்தார். பாதியில் நிறுத்தி, “எங்கண்ணனுக்குச் சக்கரை தூக்கலா இருக்கோணும்” என்றார். காப்பிக்காரரிடம் இன்னும் கொஞ்சம் சர்க்கரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அடுத்த பஸ்ஸும் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் சொன்னேன். “தீபாவளிக்கு வீட்டுக்கு வாங்க அத்தை. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“பாக்கலாம்” என்றார். எங்கள் ஊரில் ‘பாக்கலாம்’ என்றால் வருவேன் என்றும் அர்த்தம், வர மாட்டேன் என்றும் அர்த்தம். பெரியவள் அதையெல்லாம் விடுகிற ஆள் இல்லை. “பாட்டி, கரெக்டா சொல்லுங்க. யெஸ்ஸா, நோவா?” என்றாள்.

அத்தை இடுப்புச் சுருக்குப் பையைத் திறந்து, ஆளுக்கொரு நூறு ரூபாய் நோட்டைக் குழந்தைகளின் கையில் திணித்தார். “கன்னுக்குட்டியை யாரு பாத்துக்கறதுன்னு ரோசனை பண்ணிட்டுச் சொல்றேன்” என்றார்.

சேலத்தில் ரயிலுக்கு நேரம் இருந்தது. குழந்தைகளுக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் காரச் சட்டினியும். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வழிய வழிய, இன்னொன்று கேட்டான் சின்னவன். ரயில் ஏறிப் படுத்ததும் போன் வந்தது. அத்தைதான். ஆறு வருடத்தில் அவர் எனக்குச் செய்த முதல் போன்.

“வண்டி ஏறியாச்சா? சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் சேலத்திலிருந்து சென்னைக்கு இரண்டு டிக்கெட் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று எனக்கு, ஒன்று அத்தைக்கு, கீழ் பெர்த். கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொள்வதாக மருமகள் சொல்லியிருக்கிறார். அத்தை இன்னும் ‘பாக்கலாம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் பேசும்போது மட்டும், “உங்க வீட்டுப் பக்கம் காத்தால நடக்கறதுக்கு எடம் இருக்குதா?” என்று கேட்டார்.

இருக்குது அத்தை. பக்கத்திலேயே பூங்கா இருக்குது. வாங்க.